தம்பியின் காது மிஷின்

தம்பிக்கு இரண்டு காதிலும் துவாரம் கிடையாது. பிறவியிலேயே அப்படி. மடல் மட்டும் சுருண்டு இருக்கும். அதனால் அவனுக்கு மிஷின் காதுக்குள் இல்லை, காதுக்குப் பின்னால். தீப்பெட்டியில் பாதி இருக்கும். துணிப் பட்டையில் கோத்துத் தலையைச் சுற்றி மாட்ட வேண்டும். சத்தம் எலும்பு வழியாக உள்ளே போகும் என்று திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அப்பா நம்பவில்லை. ஆனால் போனது.

வைக்கிற இடம்தான் முக்கியம். மடலுக்குப் பின்னால் மேடாக ஓர் எலும்பு இருக்கும். அதன் மேல் படிய வேண்டும். கீழே இறங்கிக் கழுத்துச் சதைக்கு வந்தால் சத்தம் மங்கிவிடும். மடலைத் தொட்டால் மிஷின் கீச்சென்று கத்தும். இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தினமும் காலையில் பார்த்துக்கொண்டிருந்தேன். பொறாமையில் பார்த்தது.

அம்மா அவனை மடியில் சாய்த்துக்கொள்வாள். முடியை விலக்கி, விரலால் தடவித் தடவி அந்த எலும்பைக் கண்டுபிடிப்பாள். பட்டைக்கடியில் ஒரு விரல் நுழைகிறதா என்று பார்ப்பாள். பிறகு முதுகுப் பக்கம் போய் மெல்லக் கூப்பிடுவாள். அவன் திரும்பிச் சிரிப்பான். அவளும் சிரிப்பாள். அடுத்து என் முறை. சீப்பு ஒரே இழுப்பு. "ஏட்டி, ஆடாம நில்லு. பஸ்ஸு போயிரும்." அவ்வளவுதான். எனக்கும் காது அடைத்துப் போகாதா என்று நினைத்ததுண்டு.

குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்ததும் எங்கள் ஊர் வடகரையிலிருந்து கிளம்பினோம். மிஷினில் தண்ணீர் படக்கூடாது. அதனால் தம்பி அப்பாவோடு வெளியே இருப்பான், அருவிக்குள் அம்மாவும் நானும் மட்டும். அம்மாவே சொன்னது. ஒரு வாரமாக எனக்கு அதே நினைப்பு.

பெண்கள் வரிசையில் நின்றோம். அம்மா என் கையைப் பிடித்திருந்தாள். எங்களுக்கு முன்னால் நாலைந்து பேர்தான். அப்போது கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து அப்பாவின் சத்தம்.

"ஏ, இங்கன வா! மிஷின் போயிட்டு போல. இவனுக்கு ஒண்ணும் கேக்க மாட்டுக்கு."

அம்மா என் கையை விட்டுவிட்டாள். அவள் ஓடிய பக்கம் நானும் ஓடினேன்.

அப்பா அங்கே எண்ணெய் தேய்த்துவிடுகிறவரிடம் போயிருக்கிறார். குற்றாலத்துக்கு வந்துவிட்டுப் பிள்ளை தலை மட்டும் காய்ந்து கிடப்பதா என்று, மிஷினைக் கழற்றித் தம்பிக்கும் தேய்க்கச் சொல்லியிருக்கிறார். தேய்த்து முடித்ததும் அந்த எண்ணெய்த் தலையிலேயே மறுபடி மாட்டிவிட்டார். பட்டை வழுக்கிப் பிடரிக்கு வந்துவிட்டது. தம்பி அழுதுகொண்டிருந்தான். அப்பா அவன் முகத்துக்கு நேராக, "கேக்குதாலே? கேக்குதாலே?" என்று கத்திக்கொண்டிருந்தார்.

"மிஷின் போடுத புள்ளைக்கு எதுக்குங்க எண்ணெ?" என்றாள் அம்மா.

"சூடு தணியுமேன்னுதான் வச்சேன்."

அம்மா எடுத்து வைத்தாள். வழுக்கியது. மறுபடி வைத்தாள். திரும்பவும் வழுக்கியது.

எனக்கு வரிசைதான் கண்ணில் நின்றது. இடம் போய்விடும். அப்பா தோளில் கிடந்த துண்டை இழுத்தேன். தம்பியின் காதுக்குப் பின்னால் பிசுக்குப் போகிற வரை அழுத்தித் துடைத்தேன். மிஷினையும் பட்டையையும் துடைத்தேன். முடியை ஒதுக்கி எலும்பு மேட்டில் வைத்து மாட்டினேன். பின்னால் போய், "ஏலே கொரங்கு" என்றேன்.

அவன் திரும்பினான். "நீதாட்டி கொரங்கு."

எண்ணெய் தேய்க்கிறவர் சிரித்துவிட்டார். "அண்ணாச்சி, வீட்டுலயே டாக்டரு இருக்கு" என்றார்.

நான் அம்மாவின் கையைப் பிடித்தேன். "வாம்மா, போவோம்."

அவள் தம்பியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "நீ இவங்கூட இருட்டி. நான் போய்ட்டு வந்துருதேன்."

தனியாகப் போனாள்.

படியில் உட்கார்ந்து பார்த்தேன். அருவியடியில் கண்ணை மூடி நின்றாள். பக்கத்தில் நின்றவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். போலீஸ்கார அக்கா விசில் ஊதினார். அம்மா நகரவில்லை. ஒரு தடவைகூட எங்கள் பக்கம் திரும்பவில்லை. இப்போது தம்பி மேல் இல்லை, அந்தத் தண்ணீர் மேல் பொறாமைப்பட்டேன்.

அம்மா என்னை ஏமாற்றிவிட்டாள் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். தம்பியை நம்பி விட்டுப் போக அவளுக்கு அதுவரை ஓர் ஆள் இல்லை என்பது எனக்கு எட்டவில்லை.