மூன்று ஒட்டுப் போட்ட சூளை

பீங்கான் பொம்மை சுடுகிற அந்த வீட்டு மின்சூளைக்கு நான்தான் வைத்தியன். உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் அறுந்தால் கருகிய துண்டை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை இழுத்து முறுக்கி ஒட்டுப் போடுவேன். விருத்தாசலத்துச் சின்னப் பட்டறைகளில் எல்லாரும் செய்கிற வேலைதான். ஒவ்வொரு ஒட்டுக்கும் பிறகு சூளை முன்னைவிடச் சீக்கிரம் சூடேறும். அந்த வீட்டு அக்கா பொம்மைகளை அடுக்கிக்கொண்டே சொல்வார்.

"ஒன் கை பட்டாலே சூளைக்கு பயம் வந்துடுதுடா தம்பி."

"எங்க வாத்தியாருக்கே பயந்தான்க்கா. அதான் ஒம்பதாவதோட அனுப்பிட்டாரு."

மூன்றாவது ஒட்டுப் போட்ட வாரம், ப்ளக்கைப் பிடுங்கப் போன அவர் கணவரான அண்ணனின் வலது உள்ளங்கை, உருகிக் கிடந்த ப்ளக்கில் ஒட்டிக்கொண்டது. பொம்மைகளுக்குக் கண் வரைகிற கை.

நான் போனபோது அண்ணன் கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். அக்கா மிக்ஸியையும் அதே ப்ளக் பாயிண்ட்டில் போட்டதால்தான் எரிந்தது என்று வீட்டில் முடிவாகியிருந்தது.

"போடலன்னு சொல்றேன். யாரும் கேக்க மாட்டேங்குறாங்க" என்றார் அக்கா, என்னைப் பார்க்காமல். அண்ணன் அவரோடு பேசி நான்கு நாளாகியிருந்தது.

புது ப்ளக்கும் தடித்த ஒயரும் போட்டேன். சூளையை மட்டும் ஓடவிட்டு, கரண்டு அளக்கும் கிளாம்ப் மீட்டரை ஒயரில் மாட்டினேன். பதினைந்து ஆம்பியர். சூளைத் தகட்டில் பத்து என்றுதான் அடித்திருந்தது. பாயிண்ட்டில் வந்தது இருநூற்று முப்பது வோல்ட்.

சுவரில் சாக்பீஸால் எழுதிப் பார்த்தேன். இருநூற்று முப்பதைப் பத்தால் வகுத்தால் மின்தடை இருபத்து மூன்று ஓம். அது கம்பி முழுசாக இருந்தபோது. பதினைந்தால் வகுத்தால் பதினைந்து சொச்சம்தான். மூன்று ஒட்டில் மின்தடையில் மூன்றில் ஒரு பங்கை வெட்டி எறிந்திருக்கிறேன். தடை குறையக் குறையக் கரண்டு கூடியிருக்கிறது. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினேன். இரண்டாயிரத்து முன்னூறு வாட் இழுக்க வேண்டிய சூளை மூவாயிரத்து நானூற்று ஐம்பது இழுக்கிறது. பழைய மெல்லிய ஒயர் எப்படித் தாங்கும்? அக்கா பாராட்டிய வேகமும் இதுதான்.

யாரும் பார்க்கவில்லை. கையால் துடைத்தால் கணக்கு போய்விடும். துடைக்காமல் அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, அக்கா மேல தப்பில்ல. நான்தான் எரிச்சேன்."

"போடா. ஒன் வெளையாட்டுக்கு இப்ப நேரமில்ல."

"நெசமாத்தாண்ணே."

"போன மாசம் சூளைக்குள்ள பாம்பு இருக்குதுன்னு சொன்னதும் நீதான."

சொன்னேன்தான். அவர் என்னை நம்ப ஒரு காரணமும் இல்லை. அதனால் மீட்டரை அவருடைய இடது கையில் கொடுத்தேன்.

"நீங்களே மாட்டிப் பாருங்க. எவ்ளோ காட்டுது?"

"பதினஞ்சு."

"மிக்ஸி எங்க இருக்குது?"

அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். சுவரில் இருந்ததைப் படித்தார். செல்போனில் ஒற்றை விரலால் தானே ஒரு முறை பெருக்கினார்.

"மிக்ஸி இல்லாமயே இவ்ளோவா?"

"ஆமாண்ணே. நான் வெட்டுன கம்பியாலதான்."

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் தன் கைக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்காகிட்ட நான் போய் சொல்லிடட்டாண்ணே?"

"வேணாம். நாலு நாளா மூஞ்சிய திருப்பிக்கிட்டு இருந்தவன் நானு. நான்தான் சொல்லணும்."

எழுந்து போய் அடுப்படி வாசலில் நின்றார். உள்ளே பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது. நான் சூளையை அணைத்தேன். கம்பி ஆறட்டும் என்று வெளியே போய் நின்றேன், முழுசாகக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுசு மாட்டுவதற்காக.