சந்தனம் வைத்த அடுப்பு

கேஸ் அடுப்பு எங்கள் வீட்டுக்கு வந்தது எண்பதிலா எண்பத்தொன்றிலா என்று தம்பிக்கும் எனக்கும் இன்றும் தகராறு. அது வந்த பின் வந்த முதல் ஆயுத பூசையில்தான் ஐந்தாம் வகுப்புப் புத்தகங்களுக்குப் பொட்டு வைத்தேன், ஆகவே எண்பத்தொன்று. அப்போது காளவாசலில் குடியிருந்தோம். பதிந்துவிட்டு நான்கு வருடம் காத்திருந்து அம்மா பெற்ற அடுப்பு. சிலிண்டர் மாற்றிய நாளை நாள்காட்டித் தாளின் பின்புறம் பென்சிலால் குறித்து வைப்பது என் பொறுப்பு.

பூசையன்று தையல் மிஷின், அரிவாள்மனை, அப்பாவின் சைக்கிள் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தேன். புது அடுப்புக்கு ஒரு குறையும் இருக்கக்கூடாது என்று, அம்மா துடைத்துக் கவிழ்த்து வைத்திருந்தபோது அதன் அடியிலும் வைத்தேன். பர்னருக்குப் போகும் குழாய்களில் பொட்டுக்கென்றே செய்ததுபோல வட்டத் துளைகள் இருந்தன. தாராளமாக அப்பினேன்.

மறுநாள் தீ மஞ்சளாக எரிந்தது. பால் பாத்திரத்தின் அடி கரியானது. மூன்றாம் நாள் சமையலறையில் கண் எரிந்தது.

எங்களோடு இருந்த அத்தை, அப்பாவின் அக்கா. அவர் சொல்லை அப்பா தட்டியதில்லை. "பூச போட்ட மறுநாளே புகையுதுன்னா, இது இருக்கது சாமிக்கே பிடிக்கல தம்பி" என்றார். திங்கட்கிழமை திருப்பிக் கொடுத்துவிடுவதாக அப்பா சொன்னார். அம்மா கொல்லையில் கிடந்த ஊதுகுழலை எடுத்துக் கழுவி வைத்தாள்.

ஞாயிறு காலை செல்லூரிலிருந்து மாமா வந்தார். விசைத்தறிகளைப் பழுது பார்ப்பவர், அம்மாவின் தம்பி. கரிப் பாத்திரங்களை அத்தை வரிசையாகக் காட்டினார்.

"வெறகடுப்புல வச்ச சட்டியெல்லாம் வெள்ளையாவா இருந்துச்சு மதினி?"

ரப்பர் குழாய் நெடுகச் சோப்பு நுரை தடவிப் பார்த்தார், குமிழி வரவில்லை. பர்னர்களைக் கழற்றி, ஊக்கால் ஒவ்வொரு கண்ணாகக் குத்தினார். அப்போதும் மஞ்சள்தான். கடைசியில் அடுப்பைக் கொல்லைக்குத் தூக்கிப் போய்க் கவிழ்த்து, ஈர்க்குச்சியால் அடிக்குழாயைச் சுரண்டினார். மஞ்சள் பொருக்கு உதிர்ந்தது, குங்குமச் சிவப்போடு. எடுத்து மோந்தவர், டார்ச் பிடித்திருந்த என்னைப் பார்த்தார்.

"அடியிலயுமா வச்ச மருமகளே?"

தலையாட்டினேன். விழப்போகும் அடிக்கு முதுகு அப்போதே வலித்தது.

"என்னப்பா அங்க?" என்று அத்தை வாசற்படியிலிருந்து கேட்டார்.

மாமா கையை மூடிக்கொண்டார். "செலந்தி மதினி! குழாய்க்குள்ள அம்புட்டுக் கூடு. காத்துப் போக வழியில்ல, புகையாம என்ன செய்யும்?"

சிலந்தி என்றதும் அத்தை கரிப் பாத்திரங்களைத் தேய்க்க எடுத்துப் போனார். அப்பா செய்தித்தாளைப் பிரித்தார். என்னை அடியிலிருந்து காப்பாற்றவே மாமா பொய் சொன்னார் என்று பல வருடம் நம்பியிருந்தேன். சாமிக்கு வைத்த சந்தனமே அடுப்பை அடைத்தது என்று அத்தைக்குத் தெரிந்திருந்தால் திங்கட்கிழமை என்ன நடந்திருக்கும் என்று அப்போது எனக்கு யோசிக்கத் தெரியவில்லை.

மறுபடி பற்றவைத்தபோது தீ நீலமாக, சீராக நின்றது. அம்மா முந்தானையால் கண்ணை ஒற்றினாள்.

"இப்ப எதுக்குக்கா? அதான் புகை போயிருச்சே" என்றார் மாமா.

அன்றைய தாளின் பின்புறம் 'அடுப்பில் சிலந்தி' என்று எழுதினேன். நான் குறித்துவைத்த முதல் பொய் அது. புகையில்லாத அடுப்பின் முன் அம்மா கண்ணைத் துடைத்ததையும் எழுத நினைத்தேன். காரணம் தெரியாததால் விட்டுவிட்டேன்.