சோக்கிங் பிட் இசைத்தட்டின் இரண்டாம் பக்கம்

பை மேலே வரவில்லை.

தெல்மா இன்னொரு முறை இழுத்தாள். துணிப்பையின் காது நீண்டதே தவிர பை அசையவில்லை. அப்போதுதான் தன் இடது கை எங்கே இருக்கிறது என்று கவனித்தாள். அது சாணை இயந்திரத்தின் நெம்புகோல் மேல் இருந்தது. நெம்புகோல் வலப்பக்கம் சாய்ந்திருந்தது.

அந்த இயந்திரத்தின் படுகை முழுக்கக் காந்தம். எஃகுத் துண்டை மேலே வைத்து நெம்புகோலைத் திருப்பினால் காந்தம் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். பிறகு சாணைக்கல் அதன் மேல் ஓடி மட்டம் செய்யும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே தெல்மாவுக்கு இதுதான் வேலை. படுகையில் எதை வைத்தாலும் கை தானாக நெம்புகோலுக்குப் போகும். இன்று தரை முழுவதும் எண்ணெய்த் தண்ணீர் சிந்திக் கிடந்ததால், சாப்பாட்டு மணி அடிக்கும் வரை பையை ஈரம் படாத இடத்தில் வைக்க நினைத்தாள். வைத்தாள். கை தன் வேலையைச் செய்துவிட்டது.

பையில் ரொட்டி இருந்தது, மடித்த குடை இருந்தது, ஒரு தகர டப்பா இருந்தது. டப்பாவுக்குள் ஒலிநாடாச் சுருள் ஒன்று. வேலை முடிந்ததும் அதை லண்டனுக்குத் தபாலில் சேர்க்க வேண்டும்.

நெம்புகோலைப் பின்னால் தள்ளினாள். பை இலகுவாகக் கையோடு வந்தது. அதைத் திறந்து பார்க்க அவளுக்குத் துணிவில்லை. காந்தம் பட்டால் நாடாவில் பதிந்த ஒலி அழிந்துவிடும்; பார்த்தாலும் தெரியாது. நாடா அழிந்தது கண்ணுக்குத் தெரிவதில்லை.

அவளும் கிளைவும் சேர்ந்த இசைக்குழுதான் சோக்கிங் பிட். உருக்கி வார்த்த எஃகுக் கட்டியை, உருட்டுவதற்கு முன் சூடு ஆறாமல் போட்டு வைக்கும் குழிக்கு அந்தப் பெயர். ஐந்து வருடத்துக்கு முன் அவள் வீட்டுத் துணி துவைக்கும் இயந்திரம் மக்கர் செய்தது. ஆள் வந்து பார்த்தால் ஒழுங்காக ஓடும், ஆள் போனதும் மறுபடி கத்தும். சலித்துப்போன தெல்மா கணவனின் டேப் ரெக்கார்டரை அதன் பக்கத்தில் வைத்து அந்தச் சத்தத்தைப் பிடித்து வைத்தாள். பழுது பார்க்க வந்த கிளைவ் அதைக் கேட்டான். பிறகு இன்னொரு தரம் போடச் சொன்னான். மூன்றாவது தரமும் கேட்டுவிட்டு, "மெஷின்ல என்ன கோளாறுன்னு தெரிஞ்சுபோச்சு. ஆனா கண்ணு, இதை நான் சரி பண்ணணுமா?" என்றான். அந்த ஊரில் யாரும் யாரையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவார்கள்.

அந்தச் சத்தம்தான் அவர்களுடைய முதல் கேசட். ஷெஃபீல்டில் அப்போது வேறு யாரும் அப்படி ஒன்றைப் பாட்டு என்று சொல்லி விற்கவில்லை. இரண்டாவதில் சாணைக்கல்லின் சீறலும் மின்கம்பி முனகலும் கிளைவின் அடித்தொண்டைப் பேச்சும் இருந்தன. இப்போது லண்டனில் ஒரு சின்னக் கம்பெனி பெரிய இசைத்தட்டாகவே போட ஒப்புக்கொண்டிருந்தது. முதல் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது. இரண்டாம் பக்கம் இந்த டப்பாவில் இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் அச்சுக்கூடத்தில் அவர்களுக்கு ஒதுக்கிய நேரம் வேறு யாருக்கோ போய்விடும். அப்புறம் எப்போது என்று கம்பெனிக்காரர் சொல்லவில்லை.

அன்று மாலை, மூடிப்போன கத்திப் பட்டறை ஒன்றின் மாடியில் வாடகைக்கு எடுத்திருந்த அறையில், கிளைவ் சுருளை ஓடவிட்டான்.

இரண்டாம் பக்கம் முழுவதும் ஒரே சம்மட்டிதான். டான் ஆற்றங்கரை உலைக்கூடத்தில் நிற்கும், ஒரு வீட்டு உயரத்துக்குக் குறையாத நீராவிச் சம்மட்டி. அதை இயக்குபவர் ராய், தெல்மாவின் கணவர். சென்ற கோடையில் அவர்தான் அவளை ஆண் சட்டை போடச் சொல்லி, ஷிப்டில் உள்ளே கூட்டிப்போய்ப் பதிவு செய்யவிட்டார். முதலில் மெதுவாக இரண்டு தட்டு, அதன் பிறகு ஓர் அடி. இரண்டு தட்டு, ஓர் அடி. அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் அது ராயின் கை என்று தெரியும்.

இப்போது சுருள் சுற்றிய ஒவ்வொரு சுற்றிலும் ஒலியில் ஒரு பள்ளம். தட்டு இருந்தது, அடி இல்லை. அடுத்ததில் அடி இருந்தது, தட்டு இல்லை. நடுநடுவே யாரோ தலையணையால் அமுக்கியது போல எல்லாமே மங்கியது. சுருளின் உள்பக்கம் போகப் போகப் பள்ளங்கள் நெருங்கி வந்தன.

"வேற பிரதி?"

"மூல நாடா மேலதான கிளைவ் புதுசா ரெக்கார்ட் பண்ணினோம்? நீதான் சொன்ன, வேற நாடா வாங்க வேண்டாம்னு."

கிளைவ் இயந்திரத்தை நிறுத்தினான். நல்லவேளையாக அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளும் பதிலுக்குக் கத்தியிருக்கலாம்.

"சரி. மறுபடி போய்ப் பிடிப்போம்."

"எங்க போய்ப் பிடிப்ப? ஊரே வேலைநிறுத்தத்துல இருக்கு. ஒரு சம்மட்டி அடிக்குதா இங்க?"

உண்மைதான். ஜனவரி தொடக்கத்திலிருந்து எஃகுத் தொழிலாளர்கள் வெளியே நின்றார்கள். ஆற்றங்கரை அமைதியாகி, இதுவரை கேட்டிராத தூரத்து ரயில் சத்தமெல்லாம் அறைக்குள் வந்தது. தெல்மா வேறு தொழில், வேறு சங்கம். கையில் எஃகு இருக்கும் வரை அவள் பட்டறை ஓடும். ராய் மாதக் கணக்கில் வாசலில் நெருப்பு மூட்டி நின்றுகொண்டிருந்தார். அவர் பொறுப்பில்தான் மறியல்.

கிளைவ் குரலைத் தாழ்த்தினான். அறையில் வேறு யாருமில்லை, இருந்தும் தாழ்த்தினான்.

"வியாழக்கிழமை மதியம் அடிக்கும். ஏதோ அவசர ஆர்டராம். ஃபோர்மன் ராக்கும் இன்னொருத்தரும் அவங்களே ஓட்டப்போறாங்க. ராக் என் பொண்டாட்டிக்கு ஒண்ணுவிட்ட அண்ணன். வேன்ல வந்தா கேட்டைத் திறந்துவிடுறேன்னு சொல்லிட்டாரு."

"கேட்ல ராய் இருப்பாரு."

"உன்னை அவரு பாக்கணும்னு என்ன இருக்கு? பின்னாடி போர்வைக்குள்ள படுத்துக்கோ. அந்த ரெக்கார்டர் உன் கைக்குத்தான் அடங்கும், இல்லேன்னா நானே போயிடுவேன்."

மறியலைத் தாண்டிப் போனவர்களை அந்த ஊர் மறப்பதில்லை. அவள் மாமனார் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் ஆண்டுப் பொது வேலைநிறுத்தத்தில் உள்ளே போன ஒருவரின் கடையில் சாகும்வரை புகையிலை வாங்கவில்லை. அதற்காகப் பனியில் அடுத்த தெரு வரை நடப்பார்.

புதன்கிழமை இரவுச் சாப்பாட்டில் ராய் பன்றிக்கொழுப்பு தடவிய ரொட்டியைக் கணப்பு அருகே வைத்துச் சூடாக்கினார். விரல் நுனியெல்லாம் குளிரில் வெடித்திருந்தது.

"உங்க குழி எப்படி இருக்கு? சூடு ஆறாம இருக்கா?"

"இருக்கு."

"லண்டனுக்கு அனுப்பியாச்சா? என் கையெழுத்து இல்லாம என் சம்மட்டியை விக்கிறீங்க. கூடத்து ஆளுங்க எல்லாரும் கேக்குறாங்க, ராய் எப்ப டிவில வருவாருன்னு."

அவள் சிரித்தாள். இப்போதே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அவர் ரொட்டியின் பெரிய பாதியை அவள் தட்டில் வைத்தார். வாயை மூடிக்கொண்டாள்.

வியாழன் மதியம் பட்டறையில் தலைவலி என்று சொல்லிவிட்டு வந்தாள். கிளைவின் வேனில் இரண்டு துவைக்கும் இயந்திரங்களுக்கு நடுவே மல்லாந்து படுத்தாள். ரெக்கார்டர் வயிற்றின் மேல் இருந்தது. போர்வையில் சோப்புத்தூள் நாற்றம். வேன் பாலத்தின் மேல் ஏறியதும், இடப்பக்கம் திரும்பியதும், கல் பாவிய சாலையில் குலுங்கியதும் உடம்புக்குத் தெரிந்தது. பிறகு நின்றது. இரும்புப் பீப்பாயில் விறகு வெடிக்கும் சத்தம் கேட்டது.

"யாரு, கிளைவா? என்ன கண்ணு இந்தப் பக்கம்?"

ராயின் குரல். தகரத்துக்கு அந்தப் பக்கம், கை நீட்டினால் எட்டும் தூரத்தில்.

"ஆபீஸ் சமையக்கட்டுல மெஷின் நின்னுபோச்சாம்."

"கேட்டீங்களாடா," என்றது இன்னொரு குரல். அது பாக்‌ஷா, உலைக்கூடத்திலேயே வாய் நீளமானவர். "ஃபோர்மன் எல்லாம் இப்ப அவனவன் உள்ளாடையை அவனவனே துவைக்கிறான். புரட்சி வந்திருச்சுன்னு சொன்னேன்ல."

நாலைந்து பேர் சிரித்தார்கள். யாரோ வேனின் பின்கதவைத் தட்டினார்கள். "திறந்து காட்டச் சொல்லு ராய். சும்மா விடாத."

தெல்மா மூச்சை அடக்கினாள். ரெக்கார்டர் வயிற்றின் மேல் ஏறி இறங்குவது நின்றது.

"விடு," என்றார் ராய். "எஃகு, கரி, எண்ணெய், இது மூணும்தான் உள்ள போகக் கூடாது. துணி துவைக்கிறதுக்குத் தடை இல்ல. அதுவுமில்லாம இவன் என் பொண்டாட்டியோட கூட்டாளிடா. கிளைவ் எங்கிட்ட பொய் சொல்ல மாட்டான். போ கண்ணு. சீக்கிரம் வந்துரு, டீ கொதிக்குது."

கியர் விழுந்தது. வேன் ஒரு முழம் நகர்ந்திருக்கும்.

தெல்மா போர்வையை உதறிவிட்டுக் காலால் கதவை உதைத்தாள். தாழ்ப்பாள் விட்டுக்கொடுத்தது. ரெக்கார்டரை மார்போடு அணைத்துக்கொண்டு கல்சாலையில் இறங்கினாள். சோப்புத்தூள் அவள் முடியிலும் கோட்டிலும் வெள்ளையாகப் படிந்திருந்தது.

பாக்‌ஷா வாயைப் பிளந்தபடி நின்றார். ராய் கையில் இரண்டு தகரக் குவளைகளோடு நின்றார். ஒன்று கிளைவுக்கு எடுத்து வைத்ததாக இருக்க வேண்டும். அவர் முதலில் அவளைப் பார்த்தார், பிறகு ரெக்கார்டரைப் பார்த்தார், பிறகு கேட்டைப் பார்த்தார். எல்லாமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"உள்ள போகலை," என்றாள். "போகலை ராய்."

அவர் பதில் சொல்வதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம் சம்மட்டி விழுந்தது.

தரை அதிர்ந்தது. குவளையில் டீ நடுங்கியது. சாலையில் நின்ற அத்தனை பேரும் தலையைத் திருப்பினார்கள். மறுபடி விழுந்தது, கொஞ்சம் தள்ளி. பிறகு உடனே ஒன்று. பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை.

"யாருடா அது," என்றார் பாக்‌ஷா மெதுவாக. "குடிகாரன் மாடிப்படியில விழற மாதிரி."

யாரும் சிரிக்கவில்லை. சிலர் கேட்டை நோக்கி இரண்டடி வைத்தார்கள். கேட்டருகே காவலுக்கு நின்ற போலீஸ்காரர்கள் இருவர் கைகோத்துக்கொண்டார்கள். ராய் குவளைகளைக் கீழே வைத்துவிட்டு ஆட்களுக்குக் குறுக்கே கையை நீட்டினார், அவர்களைப் பார்க்காமலே. அவர் காது முழுவதும் சுவரில் இருந்தது.

தெல்மாவின் விரல் எப்போது பொத்தானை அழுத்தியது என்று அவளுக்கே தெரியாது. சுருள்கள் சுற்றிக்கொண்டிருந்தன.

சம்மட்டி விழுந்தது. அடி இருந்தது, தட்டு இல்லை. ராயின் வலது கை காற்றில் அசைந்தது, இங்கிருந்தே நெம்புகோலைப் பிடிப்பது போல. இரண்டு தட்டு, ஓர் அடி. உள்ளே ஒத்துவரவில்லை. அவர் பக்கத்தில் நின்றவர்கள் பூட்ஸ் காலால் கல்லில் தட்டத் தொடங்கினார்கள். யாரும் சொல்லித் தொடங்கியதல்ல. இரண்டு தட்டு, அடிக்கு இடம். இரண்டு தட்டு, அடிக்கு இடம். உள்ளே இருந்தது அந்த இடத்தில் விழவேயில்லை.

"ஆறிப்போச்சு," என்றார் ராய். "கட்டி ஆறிப்போச்சு. நிறுத்துடா. நிறுத்து, ஆறினதை அடிக்காத, தண்டு தாங்காது."

அவர் குரலை உயர்த்தவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் யாருக்குக் கேட்கும்?

அடுத்த அடி வேறு மாதிரி இருந்தது. அடியோடு சேர்ந்து ஒரு முறிவு. பெரிய மணி ஒன்று தன் எடை தாங்காமல் பிளந்தது போல நீண்ட ஒரு சத்தம், அதன் பின்னால் சீறிக்கொண்டே தணிந்த நீராவி. கால்கள் நின்றன.

"சம்மட்டித் தண்டு முறிஞ்சுபோச்சு," என்றார் பாக்‌ஷா. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

அன்று மாலை ராய் வீட்டுக்கு வந்தபோது தெல்மா சமையலறையில் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். அவர் நாற்காலியை இழுத்து எதிரில் போட்டார்.

"ஏன் இறங்கின?"

"கிளைவ் பொய் சொல்ல மாட்டான்னு சொன்னியே."

அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்க வேண்டியது இன்னும் நிறைய இருந்தது அவருக்கு. ஏறியது ஏன் என்று அவர் கேட்கவில்லை. அந்தக் கேள்வி அந்த வீட்டில் வெகுநாள் இருந்தது. வசந்தத்தில் வேலைநிறுத்தம் முடிந்த பிறகும் சில இரவுகளில் அது மேசையில் வந்து உட்காரும்.

"போடு, கேக்கிறேன்."

ஹெட்போனைத் தலையில் மாட்டிவிட்டாள். அவர் கண்ணை மூடிக் கேட்டார். தன் ஆட்களின் கால் சத்தம் வந்த இடத்தில் முகம் கொஞ்சம் இளகியது. முறிவு வரும் முன்பே ஹெட்போனைக் கழற்றினார். அது எங்கே வருகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"இதுவரைக்கும் உன்னோடது. என்ன வேணா பண்ணிக்கோ. சம்மட்டி முறியிற சத்தத்தை மட்டும் கடையில விக்காத தெல்மா. இருபது வருஷம் அது கூட நின்னிருக்கேன்."

கிளைவ் அந்த முறிவுக்காகத்தான் கிடந்து துடித்தான். அப்படி ஒரு சத்தம் உலகத்தில் எந்த நாடாவிலும் இல்லை என்றான். இரண்டாம் பக்கமே அதற்காகத்தான் என்றான். மாடி அறையில் இரவு முழுவதும் மன்றாடினான். விடிந்த பிறகு, லண்டன் ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தபோது, தெல்மா சுருளைக் கையால் முன்னும் பின்னும் நகர்த்தி இடத்தைக் கண்டுபிடித்தாள். கடைசிக் கால் சத்தம். அதற்கு அடுத்து, அடிக்காக விட்ட இடம். அங்கே சவரத் தகட்டை வைத்தாள்.

"அதுல கொஞ்சம் விடு," என்றான் கிளைவ். "ஆரம்பத்தை மட்டும் விடு."

அவள் அறுத்தாள்.

அவன் டப்பாவை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினான். வெட்டிய நாடாவை அவள் ராயிடம் கொடுத்தாள். சுருட்டினால் ஒரு கட்டை விரலில் அடங்கும். அவர் அதை என்ன செய்தார் என்று அவள் கேட்டதில்லை.

அந்தச் சம்மட்டிக்குப் புதுத் தண்டு யாரும் வாங்கவில்லை. சோக்கிங் பிட் அதன் பிறகு இன்னும் இரண்டு இசைத்தட்டு போட்டது. மூன்றுமே இன்று சேகரிப்பவர்கள் தேடி அலையும் பொருள்கள். முதல் இசைத்தட்டின் இரண்டாம் பக்கம் பாதி மூச்சில் நின்றுபோவதைப் பற்றிப் பலரும் பலவிதமாக எழுதினார்கள். தொழிலின் முடிவு என்றார் ஒருவர், இசையையே மறுப்பது என்றார் இன்னொருவர். ஒரு சின்னப் பத்திரிகைக்காரர் நேரிலேயே வந்து, ஏன் அங்கே நிறுத்தினீர்கள் என்று கேட்டார். கிளைவ் வாயைத் திறந்தான். தெல்மா அவனை ஒரு பார்வை பார்த்தாள்.

"நாடா அங்க முடிஞ்சுபோச்சு கண்ணு," என்றாள். பத்திரிகைக்காரர் அதைக் குறித்துக்கொண்டார்.