நஞ்சுண்டசாமி போட்ட ரோடு

நஞ்சன்கூடு தொழிற்பேட்டையில் அட்டைப்பெட்டி செய்யும் ஒரு தொழிற்சாலை. அங்கே ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொள்பவர் நஞ்சுண்டசாமி. ஐம்பத்திரண்டு வயது, வீடு மைசூரில். சம்பளம் ஸ்டோர்ஸில் என்றாலும் மனுஷரின் உயிர் செல்போன் மேப்பில்தான். காலையில் மைசூரில் ரயில் ஏறி நஞ்சன்கூட்டில் இறங்குவதற்குள் நாலு இடத்தைத் திருத்தியிருப்பார். மூடிப்போன கடையை மூடியது என்று குறிப்பார், புதிதாக வந்த ஒருவழிப் பாதைக்கு அம்புக்குறி போடச் சொல்லி எழுதுவார், பெயரில் ஒரு எழுத்து தப்பாக இருந்தாலும் விடமாட்டார்.

சும்மா சொல்லக்கூடாது, நல்ல காரியங்களும் செய்தார். மைசூரில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியை மேப் அதன் பின்சுவரில் கொண்டுபோய் வைத்திருந்தது. வலியோடு வரும் பெண்களை ஏற்றிய ஆட்டோக்கள் சுவரைப் பார்த்து நின்றன. மூன்று தடவை எழுதி, படம் எடுத்து அனுப்பி, அதை வாசலுக்கு நகர்த்தியவர் நஞ்சுண்டசாமி. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் எந்தக் கோட்டை வாசலில் டூரிஸ்ட் பஸ் நுழையாது, காட்டு ரோட்டில் செக்போஸ்ட் எத்தனை மணிக்கு மூடுவார்கள் என்றெல்லாம் எழுதிவைத்தார். எத்தனையோ பேர் அதைப் படித்துத் தப்பித்தார்கள். பதிலுக்கு அந்த மேப் அவருக்கு ஒரு நட்சத்திரம் கொடுத்தது, எட்டாவது நிலை என்றது. பதினோரு வருஷமாகப் பதவி உயர்வு என்ற பேச்சையே கேட்காத மனிதர் அவர். அந்த நட்சத்திரத்தை எல்லோரிடமும் காட்டினார். தொழிற்சாலையில் ‘மேப் சாமி’ என்று பெயர் விழுந்தது. முதலில் கிண்டலாகத்தான் கூப்பிட்டார்கள், பிறகு அதுவே பெயராகிவிட்டது.

“உலகத்துக்கே வழி சொல்றீங்க, ரேஷன் கடைக்குப் போறதுக்கு மட்டும் வழி தெரியல” என்பாள் மனைவி ரூபா. அதையும் அவர் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மிஷின் ஆபரேட்டர் சென்னப்பன் ஹனூர் தாண்டி தன் ஊரில் வீடு கட்டிப் பால் காய்ச்சினார். நஞ்சுண்டசாமி ஸ்கூட்டரிலேயே கிளம்பிப் போனார். மெயின் ரோட்டில் வெள்ளையடித்த ஒரு எல்லைக்கல் அருகே மண்பாதை ஒன்று பிரிந்தது. மேப்பில் அது இல்லை. மேப்பில் இல்லாத ரோடு என்றால் அவருக்குக் கை துறுதுறுக்கும். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவரிடம் கேட்டார்.

“அண்ணே, இப்படிப் போனா ஊருக்கு ரோடு இருக்கா?”

“தடம் இருக்குதுங்க. பள்ளம் எறங்கி ஏறுனீங்கன்னா அக்கட்டப் பக்கம் ஊருங்க.”

நஞ்சுண்டசாமியின் அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு மைசூர் வந்தவர். பிள்ளை பிறந்தது, படித்தது எல்லாம் மைசூர். வீட்டில் தமிழ் பேசினாலும் நாக்கில் முந்திக்கொண்டு வருவது கன்னடம். தடம் என்றால் ரோடு, பள்ளம் என்றால் மேடு பள்ளம், ஒரு இறக்கம், ஒரு ஏற்றம், அவ்வளவுதானே என்று எடுத்துக்கொண்டார். எல்லைக்கல்லும் பாதையும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்தார். அரைக் கிலோமீட்டர் உள்ளே போனதும் ஸ்கூட்டர் மணலில் வழுக்கியது. விருந்துக்கு நேரமாகிறது என்று திரும்பி வந்து மெயின் ரோட்டிலேயே போய்விட்டார்.

மறுநாள் மத்தியானம் ஸ்டோர்ஸில் உட்கார்ந்து, செயற்கைக்கோள் மேலிருந்து எடுத்த படத்தை மேப்பில் திறந்து பார்த்தார். ஊர்வரைக்கும் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. விரலால் அதன்மேல் இழுத்தார். நேரில் பார்த்தீர்களா என்று மேப் கேட்டது. அரைக் கிலோமீட்டர் பார்த்திருந்தார், ஆம் என்று அமுக்கினார். கார் போகுமா என்று கேட்டது. அதற்கும் ஆம். ஐந்து நாளில் ரோடு ஏறிவிட்டது. கூடவே அவர் ஏற்றிய எல்லைக்கல் படத்தின் கீழே அவர் பெயரும் சிரித்த முகமும் நின்றன.

போன ஆகஸ்டில் சென்னப்பனின் தங்கை தமிழ்ப்ரியாவுக்கு அதே ஊரில் கல்யாணம். தொழிற்சாலை வேனில் பதின்மூன்று பேர் காலையிலேயே கிளம்பினார்கள். ஸ்டோர்ஸில் சரக்குக் கணக்கெடுப்பு இருந்ததால் நஞ்சுண்டசாமி போகவில்லை. வேன் ஓட்டியவர் கரியப்பன். தமிழ்நாட்டு எல்லையோரக் கோபிநத்தத்துக்காரர், நாற்பது வயது, ஒப்பந்தக்காரர் மூலமாக ஆறு வருஷமாக அந்த வேனை ஓட்டுகிறார், ஒரு கீறல் விழுந்ததில்லை.

பத்தேகால் மணிக்கு வாட்ஸ்அப் குரூப்பில் படங்கள் வந்தன. முதல் படத்தில் வேன் ஒரு ஓடைக்குள் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது, செம்மண் தண்ணீர் சக்கரத்துக்கு மேலே ஓடியது. இரண்டாவது படத்தில் தரச்சோதனைப் பிரிவு ஜீவிதா கையைத் துப்பட்டாவில் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது. மூன்றாவது படத்தை யாரோ திரும்பி நடந்து வரும்போது எடுத்திருக்கிறார்கள். அதில் வெள்ளையடித்த எல்லைக்கல் இருந்தது.

நஞ்சுண்டசாமி அந்தக் கல்லை அடையாளம் கண்டுகொண்டார். கணக்கெடுப்புத் தாளை அப்படியே வைத்துவிட்டுப் பழைய அட்டை அடுக்கியிருக்கும் மூலைக்குப் போனார். மேப்பைத் திறந்து, தன் பெயர் போட்ட படத்தை நீக்கினார். பிறகு அந்த ரோட்டைத் தொட்டு, ‘இங்கே ரோடு கிடையாது’ என்று எழுதி அனுப்பினார். இனிமேல் யாரும் அங்கே போய் விழக்கூடாது பாருங்கள், அதற்காகத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ரோட்டை எடுக்கச் சொன்னது அதற்காகவே இருக்கட்டும். படத்தை, அதுவும் முதல் வேலையாக, எதற்கு நீக்கினார்? அந்தக் கேள்வியை அவர் அன்றைக்குத் தன்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை.

புதன்கிழமை மேப்பிலிருந்து பதில் வந்தது. உங்கள் திருத்தம் ஏற்கப்பட்டது, நன்றி. கூடவே சில புள்ளிகளும் கொடுத்தார்கள்.

வியாழக்கிழமை நிர்வாக அதிகாரி சந்தோஷ்குமார் அறையில் விசாரணை. நிபுணர் என்ற முறையில் நஞ்சுண்டசாமியையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். கரியப்பன் நின்றுகொண்டிருந்தார். பேச்சு கன்னடத்தில் நடந்தது.

“மெயின் ரோட்டை விட்டு ஏன் உள்ளே போனீர்கள்?”

“பாலத்து வேலை சார், ரோட்டை மறித்திருந்தார்கள். முகூர்த்தத்துக்கு நேரமாகிறது என்று எல்லோரும் அவசரப்படுத்தினார்கள். மேப் இந்த ரோட்டைக் காட்டியது. உள்ளே போனால் ஹள்ளத்தில் தண்ணீர் வந்திருந்தது. பிரேக் பிடித்தேன், வழுக்கிவிட்டது.”

ஹள்ள. கன்னடத்தில் அது ஓடை. பால் ஹாலு ஆவது போலப் பள்ளம்தான் ஹள்ள. ஆடு மேய்த்தவர் சொன்ன பள்ளம் ஓடை என்பதும், அவர் சொன்ன தடம் ஆடும் மனுஷரும் கோடையில் நடந்து போகிற தடம் என்பதும் நஞ்சுண்டசாமிக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதுதான் உறைத்தது. ஆட்டுக்காரர் எதையும் மறைத்துச் சொல்லவில்லை. கேட்ட இவருக்குத்தான் தன் பாஷை விளங்கவில்லை.

“மேப் காட்டியதா? இப்போது காட்டுங்கள்” என்றார் சந்தோஷ்குமார்.

கரியப்பன் போனை எடுத்துத் தேடினார். பெரிதாக்கினார், நகர்த்தினார், திரும்பவும் தேடினார். பச்சை நிறத்தில் வெறும் இடம்தான் இருந்தது. “இருந்தது சார். சத்தியமாக இருந்தது” என்றார்.

“சாமி, நீங்கள் பாருங்கள். இந்த இடத்தில் ரோடு இருக்கிறதா?”

நஞ்சுண்டசாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். தன் போனில் பார்ப்பது போல் பார்த்தார்.

“இப்போ இல்லை சார்.”

அந்த ‘இப்போ’ என்ற ஒரு சொல்லில் அவர் தன் மானம் மரியாதை அத்தனையையும் ஒளித்துவைத்தார். பொய் சொல்லவில்லை என்று பிறகு மனதுக்குச் சமாதானம் சொல்ல அது ஒன்றுதான் இருந்தது. சந்தோஷ்குமார் காதில் ‘இல்லை’ மட்டும் விழுந்தது. கரியப்பன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நஞ்சுண்டசாமியைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை. எதற்கோ காத்திருப்பவர் போல நிதானமாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். நஞ்சுண்டசாமி மேஜைமேல் இருந்த பேனா ஸ்டாண்டைப் பார்த்தார்.

வண்டியை ஓடையில் இறக்கியதுகூடப் பரவாயில்லை, பொய் சொல்கிறாரே என்றார் சந்தோஷ்குமார். மறுவாரம் ஒப்பந்தக்காரர் வேறு டிரைவரை அனுப்பினார். கேன்டீனில் ஒரு மாசம் அதே பேச்சு. “கண்ணுமண்ணு தெரியாம ஓட்டிட்டு, மேப் மேல பழியப் போட்டானே” என்றாள் ஜீவிதா, மாவுக்கட்டுக் கையைத் தூக்கிக் காட்டி. “நீங்களே சொல்லுங்க சாமி, மேப்ல இல்லாத ரோடு அவன் கண்ணுக்கு மட்டும் எப்படித் தெரியும்?” நஞ்சுண்டசாமி தட்டிலிருந்த சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். அதற்குப் பிறகு ஜீவிதா கேன்டீனுக்குள் வந்தால் இவர் எழுந்துவிடுவார்.

வெட்கம் என்பது இவ்வளவு நாள் தங்கும் என்று அவருக்குத் தெரியாது. ‘மேப் சாமி’ என்று யாராவது கூப்பிட்டால் யாரோ முதுகில் குத்துவது போலிருந்தது. ரயிலில் போனை எடுப்பதை விட்டுவிட்டார். ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தார். ரூபாகூட, “என்ன, நட்சத்திரம் உதிர்ந்துடுச்சா?” என்று கேட்டுப் பார்த்தாள். அவளிடமும் சொல்ல வாய் வரவில்லை. நவம்பரில் மேப்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இந்த வருஷம் உங்களால் இரண்டு லட்சம் பேர் சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள் என்று வாழ்த்தியிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு நேராகச் சந்தோஷ்குமார் அறைக்குப் போனார்.

உட்காராமல் எல்லாவற்றையும் சொன்னார். விரலால் ரோடு போட்டதை, படத்தை நீக்கியதை, ‘இப்போ’ என்று சொன்னதை. சந்தோஷ்குமார் முழுவதையும் கேட்டார். பிறகு கதவைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார்.

“ஆய்தல்லா, பிடி சார். புது டிரைவர் நன்றாக ஓட்டுகிறார். இன்ஷூரன்ஸ் காரியமும் முடிந்துவிட்டது. இனிமேல் இதைக் கிளறினால் உங்களுக்குத்தான் கஷ்டம்.”

கன்னடத்தில் ‘ஆய்தல்லா’ என்றால் முடிந்துபோயிற்றே, ‘பிடி’ என்றால் விடுங்கள் என்று அர்த்தம். தமிழில் அதற்கு நேர் எதிர். நஞ்சுண்டசாமிக்கு அன்றைக்குத் தமிழில்தான் கேட்டது.

கரியப்பன் மைசூரில் பன்னிமண்டபம் பக்கம் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறார் என்று சென்னப்பன் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலையில் நஞ்சுண்டசாமி மூன்று பேரிடம் வழி கேட்டுப் போய்ச் சேர்ந்தார். கரியப்பன் வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் கயிற்றைக் கட்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“வாங்க சார். நல்லா இருக்கீங்களா? டீ சாப்பிடுறீங்களா?”

“வேணாம் கரியப்பா. ஒண்ணு சொல்லணும்.” வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியம் எங்கேயோ போய்விட்டது. “அந்த ரோடு மேப்புல இருந்துச்சு. அதைப் போட்டது நான்தான். எடுத்ததும் நான்தான்.”

“தெரியுங்க சார்.”

“தெரியுமா?”

“தடம் பிரியற எடத்துல வண்டிய நிறுத்திட்டேனுங்க. எனக்கு அதுல எறங்க மனசே இல்ல. மழை பேஞ்ச ஊரு, யாரையாவது கேட்டுட்டுப் போலாம்னு பாத்தா ஒரு ஆளக் காணோம். வண்டிக்குள்ள எல்லாரும் சத்தம் போடறாங்க. மேப்புல அந்த எடத்துப் போட்டோவ அமுக்கிப் பாத்தேன். உங்க பேரு, உங்க மொகம். நம்ம சாரு போய்ப் பாத்துட்டுத்தான் போட்டிருப்பாருன்னு திருப்பினேனுங்க.”

“ஆபீஸ்ல சொல்லிட்டேன்ப்பா, எல்லாத்தையும் சொல்லிட்டேன். அவங்க...” என்று ஆரம்பித்தவருக்கு அதை முடிக்க வெட்கமாக இருந்தது. “நீ ஏன்ப்பா அன்னைக்கே என் பேரச் சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேலை போயிருக்காதே.”

கரியப்பனுக்கு அந்தக் கேள்வி விளங்காதது போல இருந்தது.

“நீங்க அங்கயே உக்காந்திருந்தீங்களே சார். நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்துட்டே இருந்தேனுங்க.”