மழைத் தண்ணீர் மட்டும்

2009 வைகாசியில் மரியநாயகியால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. போர் நடந்த வன்னியில் இருந்த தம்பி பேதுருவிடமிருந்து இரண்டு மாதமாகத் தொலைபேசி இல்லை. பாரிஸின் லா சப்பலில் சுஜானியோடு பகிர்ந்துகொண்ட ஒற்றை அறையில் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடப்பாள். வேலைக்குப் போனால் துடைத்த மேசையையே திரும்பத் துடைப்பாள்.

அவள் துப்புரவு செய்த வீடுகளில் ஒன்று மர்கரீத் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியையுடையது. அந்த வீட்டுப் பல்கனியில் விசித்திரமான செடிகள் நின்றன. இலையே குழாயாகச் சுருண்டு, மேலே மூடி வைத்ததுபோல் இருக்கும். உள்ளே இறங்கிய ஈ வெளியே வராது. அமெரிக்காவில் பைன் மரங்களுக்கிடையே சதுப்பில் வளர்பவையாம்.

ஆனியில் மகளோடு வசிக்கத் தெற்கே புறப்பட்ட மர்கரீத், அவற்றில் ஒன்றைச் சட்டியோடு மரியநாயகியிடம் கொடுத்தாள். "குழாய்த் தண்ணீர் ஊற்றாதே, அதிலுள்ள சுண்ணாம்பு கொன்றுவிடும். மழைத் தண்ணீர் மட்டும்."

அன்றிலிருந்து மழை இருட்டினால் மரியநாயகி வாளியோடு கீழே முற்றத்துக்கு ஓடினாள்.

"ஒரு செடிக்கு இவ்வளவு பாடோ, அக்கா?" என்றாள் சுஜானி.

"சும்மா இருந்தால் எனக்கு விசர் பிடிச்சிடும்."

ஆவணியில் சேதி வந்தது. பேதுரு உயிரோடு முகாமில் இருக்கிறான், காலில் காயம். எவ்வளவு காயம் என்று யாரும் சொல்லவில்லை.

மார்கழிப் பனியைக் கண்டு மனம் பொறுக்காமல், செடியை உள்ளே எடுத்துச் சூடேற்றியின் அருகில் வைத்தாள். வசந்தத்தில் பூ வரவில்லை. மெலிந்த இலைகள் அழுகின. மர்கரீத்துக்குத் தொலைபேசி எடுத்தாள். "குளிரில் அது உறங்க வேண்டும். வெளியே விடு!"

அடுத்த குளிர்காலம் சட்டி ஜன்னலுக்கு வெளியே நின்றது. இரண்டு முறை உள்ளே தூக்கி வந்தாள். இரண்டு முறையும் சுஜானி திரும்ப வெளியே வைத்தாள்.

2011 சித்திரையில் நீண்ட காம்பின் நுனியில் மஞ்சள் பூவொன்று தலைகீழாகத் தொங்கியது.

"இஞ்சை பூனை ஏதும் மூத்திரம் பெய்ததோ?" சுஜானி மூக்கைப் பொத்தினாள்.

பூவின் மணந்தான். மரியநாயகி விழுந்து விழுந்து சிரித்தாள். அப்போதுதான் பேதுரு மன்னாரிலிருந்து தொலைபேசி எடுத்தான். முகாமைவிட்டு வந்து ஆறு மாதமாகியும் காலைப் பற்றி அவன் வாய் திறந்ததில்லை.

"என்ன அக்கா சிரிப்பு?"

விஷயத்தைச் சொன்னாள். "கால் எப்படியடா?"

"அதை விடுங்கோ. பூ என்ன நிறம்?"

"மஞ்சள். நடக்கிறியோ?"

"பெரிசோ, சின்னனோ?"

"பேதுரு, கால் எப்படி எண்டு கேட்டனான்."

"ஒரு கால் இல்லை, அக்கா," என்றான்.