இன்று காலை செந்தில் சரிசெய்த பிழை

இன்று காலை எங்கள் புதுக்கோட்டை ஆபீஸில் எல்லோருடைய திரையிலும் ஓர் அறிவிப்பு வந்தது.

“செந்தில்: லாகின் பக்கத்தில் இருந்த பிழை சரிசெய்யப்பட்டது.”

செந்தில் மணமேல்குடிக்காரன். சாலை விபத்தில் இறந்து நான்கு மாதம் ஆகிறது.

தினமும் அவனோடு டீ குடிக்கப் போய்வந்த ரவி எழுந்து வெளியே போய்விட்டார்.

பிறகுதான் புரிந்தது. குன்றாண்டார்கோவிலில் இருந்து புதிதாக வேலைக்கு வரும் கவிதாவுக்கு செந்திலின் லேப்டாப்பைக் கொடுத்திருந்தோம். நிரலில் யார், எதை மாற்றினார்கள் என்பதை கிட் (Git) என்ற மென்பொருள் பதிவு செய்துவைக்கும். அதற்கு முதலில் நம் பெயரை அதில் கொடுக்க வேண்டும். ஒரு வாரமாக அவளுக்கு கிட் சொல்லித் தரும் நான் அதைத்தான் சொல்ல மறந்திருக்கிறேன். அவள் சரிசெய்தது, லேப்டாப்பில் ஏற்கெனவே இருந்த செந்தில் பெயரிலேயே பதிவாகிவிட்டது.

கவிதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “தெரியாமப் பண்ணிட்டேன்க்கா. இப்பவே எம்பேருக்கு மாத்திரவா?”

மாற்ற முடியும். நான் பதில் சொல்வதற்குள் வாசலில் இருந்து ரவியின் குரல் வந்தது.

“இந்தப் பிழையை நாளைக்கு முடிச்சுர்றேன்னுதான் அன்னைக்கு வீட்டுக்குக் கெளம்புனான். இது ஒண்ணு மட்டும் அவன் பேர்லயே இருக்கட்டும்மா.”

கவிதா தலையசைத்தாள்.

பதிவான வரலாற்றில் கை வைக்கக் கூடாது என்று முதல் நாளே அவளுக்குப் பாடம் எடுத்தவள் நான். மேனேஜர் கேட்டால் அந்த விதியைத்தான் சொல்லப்போகிறேன். நீங்களாக இருந்தால் மாற்றியிருப்பீர்களா?