பசுவுக்குச் சொன்ன சொல்

அறுபதுகளின் தொடக்கத்தில், துணுக்காய்ப் பக்கம் குளத்துத் தண்ணீர் பாயும் வயற்காணி கிடைத்து, நானும் கணவரும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறினோம். வீட்டுக் கிணறு சவர், தண்ணீர் உப்புக் கரிக்கும். அதனால் கூரை விளிம்பில் தகரப் பீலி கட்டி, குடிக்கிறதுக்கு மழைத் தண்ணீரைப் பீப்பாவில் பிடித்தோம். கூரைக்கு மேலே பெரிய வேம்பொன்றின் கிளை கவிந்து நின்றது. ஐப்பசி மழைக்கு முன் பீலியில் நிறைந்த சருகை அள்ளாவிட்டால் தண்ணீர் கசக்கும், இல்லாவிட்டால் பீப்பாவுக்கு வராமல் சுவரில் வழியும்.

அந்தக் கிளையை வெட்டச் சொல்லி அவரிடம் மூன்று வருடம் கேட்டேன். நிழல் போய்விடும் என்பார். அந்த வருடம் மறுபடி கேட்டபோது அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"உம்மட அப்பு வீட்டில பீலி இருந்ததோ? ஓலைக் கூரைதானே. நீர் எனக்குப் பீலியைப் பற்றிச் சொல்லுறீர்!"

என்னை எதுவும் சொல்லலாம். பிறந்த வீட்டைச் சொன்னால் எனக்குக் கண்மண் தெரியாது. அன்றோடு அவருடன் கதைப்பதை நிறுத்தினேன். சமைத்தேன், சாப்பாடு போட்டேன், வாய் திறக்கவில்லை. மற்ற வீடுகளில் தாயும் தகப்பனும் கோபமென்றால் பிள்ளையிடம் சொல்லி அனுப்புவார்கள். எங்களுக்கு அப்போது பிள்ளை இல்லை. பசு இருந்தது. "அரிசி முடியுது எண்டு சொல்லு" என்பேன் பசுவிடம். "நாளைக்கு வாங்குறன் எண்டு சொல்லு" என்று அவரும் பசுவுக்கே சொல்வார். பாவம், அது அசைபோட்டுக்கொண்டு இரண்டு பேரையும் பார்க்கும்.

நான்காம் நாள் வெள்ளிக்கிழமை. விடியவே எழும்பி, வீட்டைச் சுற்றித் தாழ்வாரத்தடியைச் சாணகத்தால் மெழுகியிருந்தேன். ஒன்பது மணிபோல வானம் கறுத்தது. அவர் ஏணியைத் தூக்கிவந்து, காயாத அந்த மெழுக்கின்மேல் ஊன்றி, மேல்நுனியைப் பீலியிலேயே சாய்த்தார். நான் மாட்டுக் கொட்டிலில் நின்று பார்த்தேன். வழுக்கும் என்று எனக்குத் தெரியும். மெழுகியவளே நான்தானே.

"இஞ்சாருங்கோ, ஈரம்" என்று இரண்டு சொல் போதும். ஆனால் முதலில் கதைக்கிறவள் நானா? பசுவைப் பார்த்துச் சொன்னேன்:

"சிலபேருக்கு ஈரம் எது, காய்ஞ்சது எது எண்டும் தெரியாது, பார்."

"ஏணியில ஏற ஓலை வீட்டு ஆக்களிட்டைப் படிக்கத் தேவையில்லை எண்டு சொல்லு" என்றார் அவர், ஏறிக்கொண்டே.

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. விழுந்தால்தான் புத்தி வரும் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், இன்றைக்கு மாற்றிச் சொல்லி என்ன?

இரண்டு கை சருகு அள்ளிப் போட்டிருப்பார். ஏணியின் கால் வழுக்கியது. அவர் பீலியைப் பிடித்தார். பீலியும் கூடவே வந்தது. "ஐயோ, இஞ்சாருங்கோ" என்று நான் ஓடியபோது அவர் சருகுக்குள் கிடந்தார். தொடை முறிந்திருந்தது.

முறிவு பார்க்கிற பரியாரி மூலிகைப் பத்துப் போட்டுக் கட்டினார். எலும்பு பொருந்தியது, ஆனால் ஒரு கால் கட்டையாகிவிட்டது. அந்தப் போகம் அயலவர்கள்தான் எங்கள் வயலை விதைத்தார்கள். பார்க்க வந்த பக்கத்துக் காணி அக்கா என்னிடம் கேட்டார்:

"ஏன் பிள்ளை, அவர் ஈரத்தில ஏணி வைச்சதை நீ காணேல்லையே?"

நான் வாய் திறக்க முன், பாயில் கிடந்த அவர் சொன்னார்: "அவா கிணத்தடியில நிண்டவா. காணேல்லை."

குசினிக்குள் போய் அடுப்படியில் இருந்து அழுதேன். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அடுத்த ஐப்பசியிலிருந்து ஏணியில் ஏறுகிறவள் நான். சருகுக்குள் கை வைக்குமுன் தடியால் கிளறி, பாம்பு தேள் இல்லையென்று பார்த்துத்தான் அள்ளுவேன். ஏணியை வைக்கிற வேலை அவருடையது. நொண்டி நொண்டி வந்து அதைப் பீலியில் முட்டாமல் சுவரில் சாய்ப்பார். குனிந்து, அதன் கால் நிற்கிற இடத்தை உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். பிறகு நிமிர்ந்து, என் முகத்தைப் பார்த்து, ஒவ்வொரு வருடமும் எனக்கே சொல்வார்:

"தரை காய்ஞ்சிருக்கு. ஏறும்."